மூளை ரத்தக்குழாயில் வரும் வீக்கம்: வெடிக்காமல் இருக்க நம் கையில் இருப்பவை

"நேற்று வரைக்கும் நன்றாகத்தான் இருந்தார், காலையில் கொல்லைப்பக்கம் போனவர் மண்டை பிளக்கிறதே என்று கத்திவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டார்." தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கத்துத் துக்க வீடுகளில் இந்த மாதிரிப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. இப்படித் திடீரென்று விழுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே காரணம் இருக்காது. மாரடைப்பாக இருக்கலாம், வேறு வகைப் பக்கவாதமாக இருக்கலாம். ஆனால் மின்னல் அடித்த மாதிரித் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, மயக்கம் என்று வரிசையாக வந்தால் மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது மூளை அன்யூரிசம் வெடித்துவிட்டதோ என்றுதான். இதைப் பற்றி நம் ஊரில் பயம் நிறைய இருக்கிறது, விவரம் குறைவாக இருக்கிறது. அதைவிட வருத்தமான விஷயம், இந்த ஆபத்தைக் குறைக்கும் வழிகளில் பெரும்பாலானவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, நாம்தான் வாங்கிக்கொள்வதில்லை.

சரி, அன்யூரிசம் என்றால் என்ன? மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் தமனியின் சுவரில் ஓர் இடம் வலுவிழந்து, உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தத்தால் வெளிப்பக்கம் சின்னப் பை போலப் புடைத்துக்கொள்வது. பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். மூளையின் அடிப்பாகத்தில் தமனிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையமாக நிற்கின்றன. 1664-இல் இதை விளக்கமாக எழுதிய ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் பெயரால் இதற்கு வில்லிஸ் வளையம் என்று பெயர். இந்த வளையத்திலும் அதிலிருந்து கிளை பிரியும் இடங்களிலும்தான் இந்தப் பைகள் அதிகம் உண்டாகின்றன. ஏன் அங்கே மட்டும் என்று டெல்டாக்காரர்களுக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. வாய்க்கால் நேராக ஓடுகிற இடத்தில் கரை வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், கிளை பிரிகிற இடத்தில்தான் தண்ணீர் மோதித் திரும்பும், அங்கேதான் கரை அரிக்கும், அங்கேதான் மேட்டூர் திறந்ததும் ஆள் போய்ப் பார்ப்பார்கள். தமனியிலும் அதே கதைதான். போதாததற்கு, மூளையின் தமனிகளுக்கு உடம்பின் மற்றத் தமனிகளைப் போல வெளிப்பக்கத்து மீள்தன்மை அடுக்கு கிடையாது, சுற்றிலும் தாங்கிப் பிடிக்கத் தசையும் கிடையாது, மூளையைச் சூழ்ந்த திரவத்துக்குள் நிற்கின்றன.

இப்போது பயத்தைக் கொஞ்சம் குறைக்கிற செய்தி. பெரியவர்களில் 100 பேரை ஸ்கேன் செய்து பார்த்தால் ஏறத்தாழ 3 பேருக்கு இப்படி ஒரு வீக்கம் இருக்கும் என்று உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது கடைசி வரை வெடிப்பதே இல்லை, இருக்கிறது என்றே தெரியாமல் வயதாகி வேறு காரணத்தால் போய்ச் சேர்கிறார்கள். வெடிக்காத வீக்கம் பொதுவாக வலிக்காது. ஆகவே உங்களுக்கு அடிக்கடி வருகிற ஒற்றைத் தலைவலிக்கும், வெயிலில் நடவு முடித்து வந்ததும் வருகிற தலைவலிக்கும் இதுதான் காரணம் என்று நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வெடித்துவிட்டால் விஷயம் வேறு. மூளையைச் சுற்றியிருக்கும் இடத்தில் ரத்தம் பாய்கிறது, மூன்றில் ஒருவருக்கு மேல் உயிர் பிழைப்பதில்லை, பிழைக்கிறவர்களிலும் பலருக்குக் கை கால் பலவீனமோ ஞாபக மறதியோ தங்கிவிடுகிறது. பக்கவாதம் என்றாலே எழுபது வயதுக்காரர்கள் நினைவுக்கு வருவார்கள், இதுவோ ஐம்பதுகளில் இருக்கிறவர்களை, குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறவர்களை அடிக்கிறது.

ஆபத்தைக் கூட்டுகிற காரணங்களில் சிலவற்றை நாம் மாற்ற முடியாது. வயது, பெண்ணாக இருப்பது, நெருங்கிய ரத்த உறவில் ஏற்கெனவே இந்த நோய் வந்திருப்பது, சிறுநீரகத்தில் நிறைய நீர்க்கட்டிகள் உண்டாகும் பரம்பரை நோய், இணைப்புத் திசுவைப் பலவீனமாக்கும் சில அரிய பிறவிக் கோளாறுகள். பெண்கள் விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது, மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் கூடுகிறது. நம் வீடுகளிலோ அப்பாவுக்குப் பிரஷர் பார்த்த எண் எல்லாருக்கும் மனப்பாடம், அம்மாவுக்குக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

மாற்றக்கூடியவை என்று எடுத்தால் இரண்டுதான் மலை போல நிற்கின்றன. புகையும் ரத்தக் கொதிப்பும். மற்றதெல்லாம் அவற்றுக்குப் பிறகு.

புகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. சிகரெட்டோ பீடியோ, அந்தப் புகை தமனிச் சுவரின் உட்பூச்சைப் புண்ணாக்கி, அழற்சியை உண்டாக்கி, சுவரைத் தளர்த்துகிறது. வீக்கம் உண்டாவதற்கும் காரணம் அதுவே, உண்டான வீக்கம் பெரிதாகி வெடிப்பதற்கும் காரணம் அதுவே. விட்டவர்களுக்கு ஆபத்து ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது, ஆகவே "முப்பது வருஷம் பிடித்தாயிற்று, இனி விட்டு என்ன" என்ற பேச்சு சரியில்லை. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்கலாம். அன்யூரிசத்தோடு உறுதியாகப் பிணைத்துக் காட்டப்பட்டிருப்பது புகைதான், அது உண்மை. ஆனால் மெல்லுகிற புகையிலையின் நிகோடினும் போட்ட சில நிமிடங்களில் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது, வாய்ப் புற்றுநோய் தனிக்கணக்கு. கும்பகோணம் கொழுந்து வெற்றிலையை யாரும் குறை சொல்லவில்லை, கூடவே போகிற புகையிலையைத்தான் சொல்கிறேன். விட நினைத்து முடியாதவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம், வழிநடத்துவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

ரத்தக் கொதிப்புக்கு வருவோம், இதைத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும்.

கொதிப்பு இருந்தால் தலை சுற்றும், கண் இருட்டும், கோபம் வரும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் ஊறிக்கிடக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு எதுவுமே தெரியாது. 170 இருக்கிற ஆள் வயலில் நாள் முழுக்க வரப்பு வெட்டிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்குவார். தெரிந்துகொள்ள ஒரே வழி அளந்து பார்ப்பதுதான். முப்பது வயது தாண்டிய யாராக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள், வீட்டில் யாருக்காவது கொதிப்போ பக்கவாதமோ இருந்தால் இன்னும் அடிக்கடி.

அளப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பேருந்திலிருந்து இறங்கி வேகமாக நடந்து வந்து, வழியில் ஒரு டிகிரி காபியும் குடித்துவிட்டு, கையை நீட்டினால் வருகிற எண்ணுக்கு அர்த்தமில்லை. காபி, புகை, உடற்பயிற்சி இவற்றுக்குப் பிறகு அரை மணி நேரம் போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் ஏதாவது ஒன்றின்மேல் தாங்கி இருக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறையும் பாருங்கள். இப்படி வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் அது கொதிப்புதான், மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை தொடங்கிய பிறகு எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று அவரையே கேளுங்கள், பலருக்கு 130/80-க்குள் கொண்டுவரச் சொல்வார்கள்.

அப்புறம் மாத்திரை. எங்கள் பக்கம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற காட்சி, மாத்திரை போட்டு ஒரு மாதத்தில் பிரஷர் 126-க்கு இறங்கியிருக்கும், உடனே "சரியாகிவிட்டது" என்று நிறுத்திவிடுவார்கள். சரியாகவில்லை ஐயா, மாத்திரை பிடித்து நிறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். நிறுத்தினால் மறுபடி ஏறும், ஏறுவதும் சொல்லிக்கொண்டு ஏறாது. சம்பா நடவு, அறுவடை என்று வேலை குவியும் மாதங்களில் மாத்திரை வாங்கப் போக நேரம் கிடைப்பதில்லை என்பதும் நியாயமான பிரச்சினைதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் தெருவுக்கு வருகிற சுகாதாரப் பணியாளரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள், வீட்டில் இருக்கிற வயதானவர்களின் பெயரையும் சேர்த்து.

உப்பைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் என்கிறது, தலை தட்டிய ஒரு டீஸ்பூன் அளவு. சாம்பார், ரசம், பொரியல், மோர் எல்லாம் சேர்த்து, இட்லி மாவில் போட்டதும் சேர்த்து, அவ்வளவுதான். பழைய சோறு நல்ல சாப்பாடு, அதற்குத் துணையாக வரும் மாவடு, மோர் மிளகாய், கருவாடு, சுட்ட அப்பளம் இவைதான் கணக்கை உடைக்கின்றன. வேதாரண்யத்து உப்பளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உப்பைக் குறை என்று சொல்வது கஷ்டம்தான், நாகப்பட்டினம் கருவாட்டை விடச் சொல்வது அதைவிடக் கஷ்டம். முழுக்க விட வேண்டாம், தினமும் என்பதை வாரத்துக்கு ஒருநாள் என்று ஆக்குங்கள், மற்ற நாட்களில் துவையலோ சின்ன வெங்காயமோ போதும். இந்துப்புக்கு மாறிவிட்டேன் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்துப்பிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், கொதிப்பைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு கடைகளில் கிடைக்கிறது, அது பலருக்கு உதவும், ஆனால் சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்களும் டெல்மிசார்டன் போன்ற கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

பலருக்குத் தெரியாத இன்னொரு காரணம் வலி மாத்திரை. இடுப்பு வலி, மூட்டு வலி என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறோமே, டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வகைகள், அவை ரத்த அழுத்தத்தை ஏற்றும், கொதிப்பு மாத்திரையின் வேலையையும் மழுங்கடிக்கும். நாற்று நடுகிற பெண்கள் குனிந்தபடியே நாள் முழுக்க வேலை செய்துவிட்டு இரவில் இதைப் போடாமல் படுக்க முடிவதில்லை, அது எனக்குப் புரிகிறது. அவர்களிடம் கொதிப்பு இருக்கிறதா என்று கேட்டு வேறு மாத்திரை எழுதிக்கொடுக்கிற மருத்துவரிடம் ஒரு தடவை போய்விட்டு வந்தால் போதும். மூக்கடைப்புக்கு வாங்குகிற சில சளி மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றுபவைதான்.

மது அளவுக்கு மீறிப் போனால் கொதிப்பும் ஏறும், வெடிக்கும் ஆபத்தும் ஏறும். நடைப்பயிற்சி, எடை, தூக்கம் எல்லாம் நீங்கள் ஏற்கெனவே கேட்டதுதான். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறவர்கள் மட்டும் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், அதுவும் கொதிப்பை அடங்கவிடாது.

யார் யார் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற கேள்வி வரும். எல்லாரும் எடுக்க வேண்டியதில்லை, எடுத்தால் வெடிக்கவே போகாத சின்ன வீக்கங்கள் தெரியவந்து வாழ்நாள் முழுக்கக் கவலைப்பட வேண்டியிருக்கும். பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் என்ற நெருங்கிய வட்டத்தில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ இந்த நோய் வந்திருந்தால், அல்லது மேலே சொன்ன சிறுநீரக நீர்க்கட்டி நோய் இருந்தால், நரம்பியல் மருத்துவரிடம் பேசி எம்.ஆர். ஆஞ்சியோகிராம் எடுப்பதைப் பற்றி முடிவு செய்யலாம். அதில் ஊசியோ கதிர்வீச்சோ இல்லாமலேயே தமனிகளைப் பார்த்துவிட முடியும். நம் குடும்பங்களில் "பெரியப்பா மண்டையில் ரத்தம் கட்டி இறந்தார், அத்தைக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம், சரியாக என்ன நோய் என்று யாரும் கேட்டு வைத்திருக்க மாட்டார்கள். மருத்துவமனை டிஸ்சார்ஜ் தாள் பெட்டியில் எங்காவது கிடந்தால் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், அது அடுத்த தலைமுறைக்குத் தேவைப்படும்.

வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்து வீக்கம் இருப்பது தெரியவந்தால்? கத்தியை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அளவு, இடம், வடிவம், உங்கள் வயது, கொதிப்பு, ஏற்கெனவே ஒரு தடவை வேறு வீக்கம் வெடித்திருக்கிறதா, இதையெல்லாம் சேர்த்து எடை போடுவார்கள். பொதுவாக 7 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை வெடிக்கும் வாய்ப்பு குறைவு, ஆனாலும் சில இடங்களில் இருக்கும் சின்ன வீக்கத்தையும் விட்டுவைக்க மாட்டார்கள். விட்டுவைத்தால் குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி ஸ்கேன் எடுத்து வளர்கிறதா என்று பார்ப்பார்கள், அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். சிகிச்சை செய்வதென்றால் மண்டை ஓட்டைத் திறந்து வீக்கத்தின் கழுத்தில் சின்ன உலோகக் கிளிப் மாட்டுவது ஒரு வழி. இதை 1937-இல் முதலில் செய்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி. தொடையிலோ மணிக்கட்டிலோ இருக்கும் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை மூளை வரைக்கும் செலுத்தி, பைக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பி அடைப்பது 1990-களில் பரவிய வழி.

வீக்கம் இருப்பது தெரிந்தவர்கள் முக்கி மலம் கழிப்பதையும், கோபத்தில் கத்துவதையும் முடிந்த வரை தவிர்க்கலாம். நெதர்லாந்தில் வீக்கம் வெடித்த 250 நோயாளிகளிடம் வெடிப்பதற்கு முந்தைய மணி நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டு 2011-இல் வெளியான ஆய்வில் காபி, கோபம், திடுக்கிடல், மூக்கைச் சிந்துவது, மலச்சிக்கல் முக்கல், கடும் உடற்பயிற்சி எல்லாம் பட்டியலில் வந்தன. இவை அழுத்தத்தைச் சிறிது நேரம் தூக்கிவிடுகின்றன. எல்லாரும் காபியை விட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. வீக்கம் இருக்கிறவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும், நெல் மூட்டை தூக்கலாமா என்பதையும் சேர்த்து.

இனி அந்தத் தலைவலி. எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலருக்கு வெடிக்கத்தான் செய்யும், அப்போது உயிரைக் காப்பது பக்கத்தில் இருப்பவரின் முடிவு. அடையாளம் இதுதான்: ஒரு நொடியில், அதிகம் போனால் ஒரு நிமிடத்துக்குள், வாழ்க்கையில் இதுவரை வராத அளவுக்கு உச்சத்துக்குப் போகும் தலைவலி. கூடவே வாந்தி, கழுத்தை வளைக்க முடியாமை, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், குழப்பம், வலிப்பு, மயக்கம் இவற்றில் ஏதாவது வரலாம். திடீரென்று ஒரு கண்ணின் இமை தொங்கி, அந்தக் கண்ணின் பாப்பா பெரிதாகி, எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தாலும் அதே அவசரம்தான், வீக்கம் கண்ணை அசைக்கும் நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். சிலருக்குப் பெரிய வெடிப்புக்குச் சில நாட்கள் முன்னால் கொஞ்சம் ரத்தம் கசிந்து, இப்படியே திடீர்த் தலைவலி வந்து, தானாகவே குறைந்தும்விடும். குறைந்துவிட்டதே என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து.

பித்தம், வாயு என்று சுக்கு அரைத்துப் பற்றுப் போடுவது, சோடா குடிக்க வைப்பது, கழுத்தைப் பிடித்துத் தேய்ப்பது, விடியட்டும் பார்க்கலாம் என்று படுக்க வைப்பது, எதுவும் வேண்டாம். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், ரத்தக் கசிவைக் கூட்டும். வாய்வழியாக எதையும் கொடுக்காதீர்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு "திடீரென்று பயங்கரத் தலைவலி, மூளையில் ரத்தக்கசிவு சந்தேகம்" என்று தெளிவாகச் சொல்லி, சி.டி. ஸ்கேனும் நரம்பியல் அறுவை மருத்துவரும் இருக்கிற மருத்துவமனைக்கு நேரே கொண்டு போகக் கேளுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி என்று அரசு மருத்துவக் கல்லூரிகள் நமக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. உங்கள் கிராமத்திலிருந்து எது பக்கம், அங்கே என்ன வசதி என்பதை இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதல் 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேன் கிட்டத்தட்ட எல்லா ரத்தக்கசிவையும் காட்டிவிடும், நேரம் ஆக ஆக ரத்தம் கரைந்து கண்ணுக்குத் தப்பிவிடலாம், அப்போது முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும் மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு தடவை வெடித்த வீக்கம் மறுபடி வெடிக்கும் வாய்ப்பு முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம், அதனால்தான் சீக்கிரம் கிளிப்போ சுருளோ வைத்து அடைக்கப் பார்க்கிறார்கள். அது நல்லபடியாக முடிந்து, நோயாளி கண் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வீட்டார் "பேசுகிறாரே, கூட்டிக்கொண்டு போய்விடலாமே" என்று கேட்பது வழக்கம். போகக் கூடாது. கசிந்த ரத்தம் சுற்றியுள்ள தமனிகளைச் சுருங்க வைக்கும், அது பெரும்பாலும் 4-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரைக்கும் நடக்கும், அந்தச் சுருக்கத்தால் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்குப் பக்கவாதம் வந்துவிடலாம். அந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான் நிமோடிபின் என்ற மருந்தை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 21 நாள் வரை தருகிறார்கள். இரவு இரண்டு மணிக்கும் எழுப்பிக் கொடுக்கிறார்களே என்று செவிலியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அந்த மூன்று வாரம் மருத்துவமனை வராந்தாவில் மாறி மாறிக் காத்திருக்கும் அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் எல்லாரும் அங்கேயே வெளிநோயாளிகள் பிரிவில் ஒரு தடவை கையை நீட்டித் தங்கள் பிரஷரையும் பார்த்துவிட்டு வரட்டும்.